அலையாத்திக் காட்டின் அனுமதிச்சீட்டு

முத்துப்பேட்டைக் காயலுக்குப் படகில் செல்ல விழைவோர் வனத்துறையின் அனுமதியைப் பெற வேண்டும். இக்காட்டின் விறகுக்கும் வழிப்போக்கர் உண்ட சோற்றுக்கும் ஒருகாலத்தில் இருந்த உறவை நம்மில் பலர் அறியோம்.

தஞ்சை மராத்திய மன்னர்கள் யாத்திரிகர்களுக்காக அமைத்த சத்திரங்கள் ஆங்கிலேயர் ஆட்சியிலும் தொடர்ந்தன. 1853 முதல் 1912 வரை இக்காடு சத்திர நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தது. காட்டுப் பொருள்களை விற்ற பணம் சத்திரங்களின் பராமரிப்புக்குச் சென்றது. 1937இல் சென்னை மாகாண அரசு இதனைக் காப்புக்காடாக அறிவித்து வனத்துறையிடம் ஒப்படைத்தது.

ஆயினும் பெயர் மட்டும் காட்டைக் காக்கவில்லை. கூப்புகளாகப் பிரித்து மரங்களை அடியோடு வெட்டும் முறைக்கும் அரசின் அனுமதி இருந்தது. நிழலிழந்த சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது; அங்கே தேங்கிய கடல்நீர் வற்ற வற்ற உப்பு மிகுந்தது; விதை முளைக்கவில்லை. பின்னாளில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீரைப் பாய்ச்சிய பிறகே அலையாத்தி மீண்டும் துளிர்த்தது. வனத்துறையோடும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோடும் சுற்றுவட்டக் கிராம மக்கள் அப்பணியில் கைகோத்தனர். 2018 நவம்பரில் கஜா புயல் அக்காட்டைக் கடுமையாகச் சிதைத்தது.

வெட்டச் சொன்னதும் அரசாணை. வெட்டாதே என்பதும் அரசாணை. இடையில் வாழ்பவர் மீனவர். நமக்குக் காயல் அரைநாள் உலா. வலை வீசுவோருக்கு அன்றாடப் பிழைப்பு. அவர்களையும் கலந்து வகுக்கப்படும் விதியே நிலைக்கும் என்று நாம் கருதுகிறோம்.