காயம்பட்ட வேட்டைப் பிராணியும் மோப்ப நாயும்: ஒரு வரலாற்றுப் பார்வை



"நாய் கவ்விப் பிடித்த முயல் ஹலாலா?" என்ற கேள்வி ஜும்ஆவுக்குப் பின்னர் நம்மிடம் பலமுறை கேட்கப்பட்டுள்ளது. மலையடிவாரத்தில் குடியிருக்கும் நமக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. அதற்கான பதிலைப் பெரும்பாலோர் ஓரளவு அறிந்தும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதனோடு ஒட்டியிருக்கும் மற்றொரு கேள்வியை எவரும் கேட்பதில்லை. அம்பு பட்டும் விழாமல், இரத்தம் சொட்டச் சொட்டப் புதருக்குள் ஓடி மறைந்த பிராணியின் கதி என்ன? எய்தவனுக்கு அதன் மீது என்ன பொறுப்பு? இக்கேள்விக்கு 1,400 ஆண்டு வரலாறு உண்டு. அதனையே இவ்வாண்டு மலருக்கென எடுத்துக்கொண்டோம்.

இக்கேள்வியை முதன்முதலில் விரிவாகக் கேட்டவர் அதிய்யிப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள். கொடைக்குப் பெயர்போன ஹாத்திம் தாயியின் மகனார். அஜா, ஸல்மா என்னும் இரு மலைகளின் பக்கம் வாழ்ந்த தய்யி கோத்திரத்தின் தலைவர். கிறிஸ்தவராக இருந்து பின்னர் இஸ்லாத்தை ஏற்றவர். அவருடைய மக்கள் நாய்களை வைத்து வேட்டையாடிப் பிழைத்தவர்கள். எனவே அவர் கேட்டவை வயிற்றுப்பாட்டைச் சேர்ந்த கேள்விகள். ஸூரா மாயிதாவின் 4-வது வசனம் இறங்கிய காரணத்தைக் கூறும் தஃப்சீர் நூல்கள், இவருடைய பெயரையும் இவருடைய கோத்திரத்தாரான ஜைதுல் கைர் (ரலி) அவர்களின் பெயரையும் சேர்த்தே குறிப்பிடுகின்றன. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் நமக்காகப் பிடித்துத் தருவதை அவ்வசனம் ஆகுமாக்கியது. பயிற்றுவிப்போரைக் குறிக்க அங்கே வரும் "முகல்லிபீன்" என்ற சொல், நாயைக் குறிக்கும் "கல்பு" என்ற வேரிலிருந்து பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதிய்யி (ரலி) அவர்களின் கேள்விகள் ஸஹீஹுல் புகாரியில் வேட்டையைப் பற்றிய பாடத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று நம் தலைப்புக்கே உரியது. ஒருவர் வேட்டைப் பிராணியை எய்கிறார். இரண்டு மூன்று நாட்கள் அதன் தடத்தைப் பின்தொடர்ந்து செல்கிறார். பிறகு தமது அம்பு தைத்த நிலையில் அதனை இறந்து கிடக்கக் காண்கிறார். உண்ணலாமா? விரும்பினால் உண்ணலாம் என நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். தம்முடைய அம்பின் அடையாளம் தவிர வேறெதுவும் அதில் இருக்கக் கூடாது. தண்ணீரில் விழுந்து கிடந்தால் உண்ணக் கூடாது. ஏனெனில் அதனைக் கொன்றது அம்பா, நீரா என்பது தெரியாது. மற்றொரு நாயும் சேர்ந்து நின்றால் அதையும் விட்டுவிட வேண்டும். நாம் பிஸ்மில்லாஹ் கூறியது நம் நாயின் மீதுதான். முஸ்லிமில் வரும் அபூ ஸஃலபா அல்குஷனீ (ரலி) அவர்களின் அறிவிப்பு, இறைச்சி கெட்டுப்போகாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்கிறது.

இமாம்கள் இவ்விடத்தில் கருத்து வேறுபட்டார்கள். கண்முன் விழுந்ததை உண். கண்ணை விட்டு மறைந்ததை விட்டுவிடு என்ற கருத்து இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இரு கூற்றுகள் உண்டு. ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், ஆகும் என்ற கூற்றே ஆதாரத்தால் வலுவானது என்றார்கள். நம் பகுதியினர் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபோ ஒரு நுட்பமான கோட்டைக் கிழித்தது. எய்தவர் தேடுவதை நிறுத்தாமல் தொடர்ந்து சென்று, அது இறந்து கிடக்கக் கண்டால் உண்ணலாம். தேடலை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டால், பிறகு தற்செயலாகக் கிடைத்தாலும் உண்ணக் கூடாது. நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் குதூரீயிலும், ஹிதாயாவிலும் இச்சட்டத்தைக் காணலாம். ஹிதாயா ஆசிரியர் மர்கீனானீ (ரஹ்) ஹிஜ்ரி 593-ல் மறைந்தவர்கள். அவர்கள் கூறும் காரணம் காடறிந்தவர் கூறுவது போலிருக்கிறது: வேட்டை நடப்பது மரஞ்செடி அடர்ந்த இடத்தில், அங்கே பிராணி கண்ணுக்கு மறைவதைத் தவிர்க்க இயலாது, எனவே தேடுபவருக்கு அது மன்னிக்கப்படுகிறது. தேடாதவருக்கு அந்தச் சலுகை இல்லை; பூமியிலுள்ள வேறேதேனும் உயிரினம் அதனைக் கொன்றிருக்கலாம் என்ற சந்தேகம் அவருக்கு எதிராக நிற்கும்.

ஆக, தேடுவது இங்கே விருப்பத்தைப் பொறுத்ததன்று. ஹலாலைத் தீர்மானிக்கும் நிபந்தனை. அடர்ந்த காட்டில் மனிதக் கண் எவ்வளவு தூரம் தேடும்? நாயின் மூக்கு வேண்டியதாகிறது. அந்த நாய் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? மூன்று முறை பிடித்தும் தின்னாமல் விட்டால் அது பயிற்சி பெற்றது என இமாம் அபூயூஸுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்) வரையறுத்தார்கள். இமாமுல் அஃலம் (ரஹ்) அவர்கள் எண்ணிக்கை வகுக்காமல் அனுபவமுள்ள வேட்டைக்காரரின் முடிவுக்கே விட்டார்கள். அதனைத் தின்ற நாய் தனக்காகப் பிடித்தது. தின்னாத நாய் எஜமானுக்காகப் பிடித்தது. பயிலாத நாய் கொன்றது செத்த பிராணி, பயின்ற நாய் கொன்றது ஹலால் என்பதிலிருந்தே கல்வியின் சிறப்பை எடுத்துக்காட்டினார்கள் இப்னுல் கய்யிம் (ரஹ்). மதரஸாவுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு இதனை நாம் சொல்வதுண்டு!

துப்பாக்கி வந்ததும் நிலைமை மாறிற்று. அம்புக்குக் கூர்மை உண்டு, கிழித்துக் கொல்லும். ஈயக்குண்டு தன் வேகத்தால் மோதித் தாக்கிக் கொல்வது. எனவே குண்டு பட்டு இறந்தது ஆகாது என்று, 1836-ல் திமிஷ்கில் மறைந்த ஹனஃபி பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) எழுதினார்கள். மாலிக்கி அறிஞர் சிலர் ஆகும் என்றனர். இந்தியத் துணைக்கண்டத்து ஹனஃபி உலமாக்கள் பெரும்பாலும் இப்னு ஆபிதீனின் வழியிலேயே நின்றார்கள். இதன் விளைவை எண்ணிப் பாருங்கள்: ஹனஃபியாகிய ஒருவர் மானைச் சுட்டால், அது உயிரோடிருக்கும்போதே சென்றடைந்து அறுத்தாக வேண்டும். அம்பின் காலத்தில் இறந்த பின் கண்டாலும் போதுமாயிருந்தது. துப்பாக்கியின் காலத்தில் இறக்கும் முன் காண வேண்டியதாயிற்று. மோப்ப நாயின் தேவை குறையவில்லை, கூடியது. நாய் இங்கே கொல்வதுமில்லை. வழிகாட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. ஆயினும் அதன் எச்சில் பட்ட இடத்தைக் கழுவ வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

இதே தேவையை வேறொரு வழியில் உணர்ந்தவர்கள் ஜெர்மானியர். காயம்பட்ட மானைத் தேடுவதற்கென்றே தனி நாயினங்களை வளர்த்தார்கள். ஹானோவர் இன நாயைப் பேணுவதற்காக 1894-ல் "ஹிர்ஷ்மன்" சங்கம் தோன்றியது. நீண்ட தோல்வாரில் கட்டிய நாயைப் பின்தொடர்ந்தே வேட்டைக்காரர் நடப்பார். சுட்ட உடனே தேடச் செல்வதில்லை. பல சந்தர்ப்பங்களில் சில மணி நேரம் காத்திருப்பார்கள். துரத்தப்படாத பிராணி அருகிலேயே படுத்துவிடும். துரத்தினால் வலியோடு வெகுதூரம் ஓடும். நாய் இரத்தத்தை மட்டும் முகர்வதில்லை. மானின் குளம்புகளுக்கிடையே சுரப்பிகள் உண்டு. அவற்றின் வாடை மிதித்த இடத்திலெல்லாம் ஒட்டும். எனவே இரத்தம் சொட்டுவது நின்ற பின்னும், அதே வழியில் வேறு மான்கள் கடந்து போயிருந்தாலும், பயின்ற நாய் அந்த ஒரு மானின் தடத்தை விடாது.

நம் தமிழ் மண்ணின் கதை சற்று வேறு. நாய்களோடு சென்று வலை விரித்து முயல் பிடித்த வேட்டுவரைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-வது ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்றில் கோவிவன் என்ற நாயின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது. அது வேட்டையில் அன்று, கள்ளரோடு நடந்த சண்டையில் பெயர் பெற்ற நாய். தென்பாண்டிச் சீமையின் சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் மெலிந்த உடலும் நீண்ட கால்களும் உடையவை; கண்ணால் கண்டு ஓடிப் பிடிப்பவை. தேனிப் பக்கத்துக் கோம்பை நாய் பன்றியை எதிர்த்து நிற்கும். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல்தலையே வெளியாயிற்று. ஆனால் மறைந்த பிராணியை நிதானமாக மோந்து தேடுவதற்கென்று வளர்த்த இனம் இவற்றுள் எதுவுமில்லை. நம்மவர் நாயிடம் வேகத்தையும் வீரத்தையும் கேட்டார்கள்.

இந்தியாவில் மோப்பத்தைக் கேட்டவர்களுள் ஜிம் கார்பெட் குறிப்பிடத்தக்கவர். 1944-ல் வெளிவந்த அவரது குமாவுன் ஆட்கொல்லிப் புலிகள் பற்றிய நூலில் ராபின் என்ற நாய்க்குத் தனி அத்தியாயமே உண்டு. பதினைந்து ரூபாய்க்கு வாங்கிய நோஞ்சான் குட்டி. பின்னாளில் காயம்பட்ட சிறுத்தையைத் தேடும் ஆபத்தான வேலையில் அவருக்கு முன்னே நடந்தது. காயம்பட்ட சிறுத்தையைக் காட்டில் விட்டுவிட்டு வந்தால் அடுத்து அவ்வழியே போகும் கிராமத்தார் உயிருக்கு ஆபத்து என்பதே அத்தேடலுக்கான காரணம். எய்தவர் உட்காரக் கூடாது என்ற ஃபிக்ஹின் கண்டிப்பு, இங்கே வேறொரு நியாயத்தோடு வந்து நிற்கிறது.

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. எந்த அரசாயினும், ஆரியங்காவு வரை நீளும் இக்காடு மிளாவுக்கும் முயலுக்கும் வீடு. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இவற்றை வேட்டையாடுவது குற்றம். 2015-ல் நெல்லை வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. "நாய் பிஸ்மில்லாஹ்வோடு பிடித்தது, ஆகவே ஹலால்தானே" என்று கேட்கும் தம்பிமார்களுக்கு நாம் கூறுவது இதுவே: இறைச்சியின் ஹுக்மு வேறு, தடுக்கப்பட்ட காட்டுக்குள் நுழையும் செயலின் ஹுக்மு வேறு. முன்னதற்குக் கிதாபில் இடமிருப்பதால் பின்னது ஆகுமாகிவிடாது. பிடிபட்டால் வழக்கு, வீட்டில் உம்மாவும் மனைவியும் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டும். கிதாபில் அதற்கு எந்தச் சலுகையையும் நாம் காணவில்லை.

காலம் மாறியதில் நாயின் வேலையும் மாறிவிட்டது. 2008 முதல் டிராஃபிக் அமைப்பு இந்திய வனத்துறைகளுக்கு மோப்ப நாய்களைப் பயிற்றுவித்துத் தந்து வருகிறது. புலித்தோல், யானைத் தந்தம், மான் இறைச்சி என மறைத்து வைத்தவற்றை அவை கண்டுபிடிக்கின்றன. காட்டில் வேட்டைக்காரரின் தடத்தையும் தொடர்கின்றன. மிளாவைத் தேடிய மூக்கு இன்று மிளாவைக் கொன்றவனைத் தேடுகிறது.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது: வேட்டையே இல்லையென்றால் நாய் வளர்க்கலாமா? வேட்டை, கால்நடை, வேளாண்மை ஆகியவற்றுக்காக வளர்ப்பதற்கு ஹதீஸில் தெளிவான விலக்கு உண்டு. காரணமின்றி வளர்ப்பவரின் நற்கூலியில் நாள்தோறும் குறைவு ஏற்படும் என்றே எச்சரிக்கப்பட்டுள்ளது. அடிவாரத்து வயல்களில் பன்றி இறங்கும் இரவுகளில் காவலுக்கு நாய் வைத்திருக்கும் நம் விவசாயிகள் அந்த விலக்கில் அடங்குவர். அவர்கள் அதற்குச் சோறும் தண்ணீரும் தடையின்றி வைக்கட்டும்.