லாக்: தூரத்தை ஆற்ற தலையில கட்டுறது?

ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு எங்கட வீட்டில் ஒரு சண்டை நடக்கும். நானும் தம்பியும் யாழ்ப்பாணத்தில், பெரியம்மாவின் மகன் ஜேர்மனியில், மாமாவின் மகன் ரொறன்ரோவில். நாலு பேரும் சேர்ந்து கவுன்ரர் ஸ்ட்ரைக் விளையாடுவோம். அண்ணா வேலைக்குப் போறவர் எண்டபடியால் பிராங்பேர்ட்டில் மாத வாடகைக்கு ஒரு சேர்வர் எடுத்து வைத்திருக்கிறார். சண்டை விளையாட்டுக்குள்ள இல்லை, முடிஞ்ச பிறகு. "நான்தான் முதல்ல சுட்டனான்" எண்டு தம்பி நிப்பான். "உங்கட நெற் சரியில்லையடா, நல்ல கனெக்சன் ஒண்டு எடுங்கோவன்" எண்டு அண்ணா சொல்லுவார்.

எடுத்தோம். போன வருஷம் அப்பாவைக் கெஞ்சி ஃபைபர் போட்டாச்சு. படம் இறங்குகிற வேகம் பத்து மடங்கு கூடினது. பிங் 190 இல் இருந்து 170க்கு வந்தது. அவ்வளவுதான். தம்பி இப்பவும் சாகிறான், அப்பா ஒவ்வொரு மாதமும் பில் கட்டுறார். இது ஏன் எண்டு தேடப்போய்த்தான் இந்தக் கதைக்குள்ள விழுந்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'வேகம்' எண்டு விளம்பரத்தில் விற்கிற சாமான் உண்மையில் வேகம் இல்லை, அகலம். யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்குப் போற இரவு பஸ்ஸை நினைச்சுப் பாருங்கோ. ஒரு பஸ்ஸுக்குப் பதிலாகப் பத்து பஸ் விட்டால் பத்து மடங்கு சனம் போகலாம். ஆனால் ஒருவரும் விடியிறதுக்கு முன்னம் போய் இறங்கப் போறதில்லை. படம் பார்க்கிறதுக்கு நிறையச் சனம் போகவேணும். விளையாட்டுக்கு ஒரே ஒரு ஆள் ஒரு துண்டுக் கடிதத்தோடு ஓடிப்போய்ப் பதிலோடு திரும்பி வந்தால் போதும். அவர் போய்வர எடுக்கிற நேரம்தான் பிங். அந்த ஆளின் கால்களை எந்த பக்கேஜாலும் நீட்ட முடியாது.

இதை 1996 மே மாதமே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஸ்டுவார்ட் செஷயர், அப்போது ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவன். மக் கணினிகளில் 16 பேர் வரை சேர்ந்து விளையாடக்கூடிய 'போலோ' எண்ட டாங்கிச் சண்டை கேமைச் செய்தவரும் இவர்தான். அதாவது இது கேம் செய்து அடிபட்ட ஆளின் கோபம். ஸ்டான்போர்ட்டில் இருந்து பொஸ்டன் 4320 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் போகும். போய்வர குறைந்தது 43 மில்லி செக்கன். அவர் அளந்து பார்த்தபோது வந்தது 85. அதாவது 1996 இலேயே இன்ரர்நெற்றின் முதுகெலும்பு இயற்கையின் எல்லைக்கு இரண்டு மடங்குக்குள் வந்துவிட்டது. வீட்டில் இருந்த மொடெம்தான் பெரிய பாவி. பக்கத்து ஊருக்குப் போற தகவலிலும் கிட்டத்தட்ட 100 மில்லி செக்கனைத் தின்றுவிட்டுத்தான் அது வெளியே விடும். அகலத்தைக் கூட்டுவது லேசு, தாமதம் ஒருக்கால் உள்ளே புகுந்தால் பிறகு எடுக்க ஏலாது எண்டதுதான் அவருடைய வாதத்தின் சாரம்.

அந்தக் கணக்கை எங்கட வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கிருந்து பிராங்பேர்ட் நேர்கோட்டில் ஏறத்தாழ 8000 கிலோமீற்றர். போய்வர 80 மில்லி செக்கன், அதுவும் நேராகப் போனால். கேபிள் நேராகப் போறதில்லை. கல்கிசையிலோ மாத்தறையிலோ கடலுக்குள் இறங்கி, செங்கடல் வழியாகச் சுத்தி, எகிப்தைத் தாண்டித்தான் ஐரோப்பாவுக்குப் போகவேணும். (அந்தக் கேபிளும் ஒரு நூல்தான். 2004 ஓகஸ்டில் கொழும்புத் துறைமுகப் பக்கம் ஒரு கப்பலின் நங்கூரம் பட்டு கேபிள் சேதமாகி, நாட்டின்ர இன்ரர்நெற் படுத்துவிட்டது.) அண்ணாவுக்கு அந்த சேர்வர் பக்கத்து ஊர். அவருக்கு 12, எங்களுக்கு 170.

சரி, கேம் செய்கிற ஆக்களுக்கு இது எப்ப விளங்கினது? கொஞ்சம் பிந்தித்தான்.

1993 டிசெம்பரில் 'டூம்' வந்தது. நாலு பேர் சேர்ந்து விளையாடலாம், ஆனால் ஒரே கட்டிடத்துக்குள் கேபிளால் இணைத்த கணினிகளில். அங்கே தூரமே இல்லை. (அதன் முதல் பதிப்பு வலையமைப்பையே அடைத்துவிடும் எண்டு சில அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் தடை போட்டது வேற கதை.) 1996 ஜூனில் அதே நிறுவனம், டெக்சாஸில் உள்ள இட் சொஃப்ட்வெயார், 'குவேக்'கை வெளியிட்டது. இது இன்ரர்நெற்றிலும் விளையாடக்கூடியது. இதில் உங்கட கணினி வெறும் கண்ணும் கையும்தான், மூளை சேர்வரில். முன்னுக்குப் போற பட்டனை அமத்தினால் அந்தச் செய்தி சேர்வருக்குப் போய், சேர்வர் உங்களை நகர்த்தி, 'நகர்ந்துட்டாய்' எண்டு திருப்பிச் சொன்ன பிறகுதான் திரையில் நீங்கள் அசைவீர்கள். களவு செய்யிறது கஷ்டம் எண்டதால் நல்ல வடிவமைப்புத்தான். ஒரே கட்டிடத்துக்குள் அருமையாக ஓடும். மொடெம்காரருக்கு அது ஐஸ் மேல நடக்கிற மாதிரி. திரும்ப நினைத்துக் கால் செக்கன் கழித்துத்தான் திரும்புவீர்கள், அதற்குள் சுவரில் மோதியிருப்பீர்கள்.

குவேக்கின் நிரலை எழுதின ஜோன் கார்மாக் அப்போதே கணினி உலகத்தில் ஒரு தெய்வம் மாதிரி. அவர் தன்ர வேலைக் குறிப்புகளை யாரும் வாசிக்கக்கூடிய ஒரு கோப்பாகப் போட்டுவிடுவார். 1996 ஓகஸ்டில் அதில் அவர் எழுதினதை நான் இரண்டு தரம் வாசித்தேன். 200 மில்லி செக்கனுக்குக் குறைந்த தாமதத்தை நினைத்துத்தான் வடிவமைத்தேன், ஆனால் உலகத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் மொடெமில்தான் வருகிறார்கள், அவர்களுக்கு 300க்கு மேல, என்ர முடிவு பிழை எண்டு ஒப்புக்கொள்ளுறார். காரணமும் சொல்லுறார்: அவற்ற வீட்டுக்கே டி1 லைன் இருந்ததாம். டி1 எண்டால் அந்தக் காலத்தில் நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கிற 1.544 எம்பிபிஎஸ் தனி லைன். சனம் வைத்திருந்தது 28.8 கேபிபிஎஸ் மொடெம். அந்த வாழ்க்கை தனக்குப் பழக்கமில்லாமல் போய்விட்டது எண்டு எழுதியிருக்கிறார்.

எனக்கு இந்த முழு வரலாற்றிலும் பிடித்த இடம் இதுதான். கெட்டித்தனம் இல்லாமல் வந்த பிழை இல்லை இது. அவருக்குக் கணக்குத் தெரியும். தன்ர வீட்டை உலகம் எண்டு நினைத்துவிட்டார், அவ்வளவுதான். எங்கட அம்மாக்கள் சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டு முடிச்சுக் கன காலம் ஆகாத அந்த வருஷத்தில், மொடெமே எங்களுக்குக் கனவு எண்டது வேற விசயம். அமெரிக்காவுக்குள்ளேயே, அடுத்த தெருவில் இருந்த பெடியனைக்கூட அவர் காணவில்லை எண்டதுதான் விசயம். பெரிய ஆள் ஒருவர் நாலு பேர் முன்னால 'பிழை என்னுடையது' எண்டு சொல்லி இரண்டு மாதத்தில் திருத்தத் தொடங்கினது அபூர்வம் எண்டதையும் சொல்லத்தான் வேணும்.

1996 டிசெம்பரில் 'குவேக்வேர்ள்ட்' வந்தது. தந்திரம் இதுதான்: பட்டனை அமத்தினவுடன் உங்கட கணினி சேர்வரிடம் கேட்காமலேயே உங்களை நகர்த்திவிடும். சேர்வர் என்ன சொல்லப் போகுது எண்டு முன்கூட்டியே ஊகிக்கும். சேர்வரின் பதில் வந்த பிறகு ஊகம் சரியெண்டால் ஒண்டும் தெரியாது, பிழையெண்டால் உங்களைப் பிடித்துப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். நெற் மோசமான நாளில் ஓடின இடத்துக்கே திரும்பத் திரும்ப இழுபடுவோமே, அதுதான். (அதே வருஷம் ஜனவரியில் வந்த 'டியூக் நூக்கம் 3டி'யிலும் இப்படி ஒரு ஊகம் இருந்தது, ஆனால் பேர் வாங்கினது குவேக்.) தாமதம் ஒரு மில்லி செக்கனும் குறையவில்லை. அதை மறைக்க கேம் பொய் சொல்லப் பழகினது. இதற்குப் பிறகு வந்த எல்லாமே அந்தப் பொய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தின கதைதான்.

நடக்கிற பிரச்சினை தீர்ந்தது, சுடுகிற பிரச்சினை தீரவில்லை. எதிராளி திரையில் நிற்கிற இடத்தில் உண்மையில் இல்லை, அது அவர் முந்தி நின்ற இடம். மொடெம்காரர் எதிராளியைக் குறிவைக்காமல், அவருக்கு முன்னால வெறும் காற்றைக் குறிவைத்துச் சுடப் பழகவேணும். விளையாடினவர்களுக்குள்ளேயே இரண்டு சாதி உருவானது: எல்பிபி, எச்பிபி. பிங் குறைந்த பாவிகள், பிங் கூடின பாவிகள் எண்டு வைத்துக்கொள்ளுங்கோ, கடைசி எழுத்து உண்மையில் இதைவிட மோசமான வார்த்தை. பல்கலைக்கழக விடுதியில் இருந்து விளையாடுறவன் எல்பிபி, வீட்டு மொடெமில் விளையாடுறவன் எச்பிபி. கையில் இருக்கிற திறமை எவ்வளவு எண்டு கேட்க முன்னம் எங்க இருந்து வாறாய் எண்டு கேட்கிற நிலை. 1997 இல் கார்மாக் தன்ர ஃபெராரி காரைப் பரிசாகக் கொடுத்த குவேக் போட்டியிலும் தெரிவுச் சுற்றுத்தான் இன்ரர்நெற்றில் நடந்தது. இறுதிச் சுற்றுக்கு ஆக்களை அட்லாண்டாவுக்குக் கூப்பிட்டு ஒரே மண்டபத்தில் இருத்தினார்கள். தூரத்தை நம்பிக் காரைக் கொடுக்க ஒருவரும் தயாரில்லை.

அடுத்த திருப்பம் வால்வ் நிறுவனத்தில். 'ஹாஃப் லைஃப்', அதிலிருந்து பிறந்த கவுன்ரர் ஸ்ட்ரைக். அங்கே வேலை செய்த யான் பேர்னியர் 2001 இல் ஒரு கேம் மாநாட்டில் வாசித்த கட்டுரையில் விளக்கின முறை இது: சேர்வர் எல்லாரும் கடந்த கொஞ்ச நேரத்தில் எங்கெங்க நின்றார்கள் எண்டு நினைவில் வைத்திருக்கும். நீங்கள் சுட்ட செய்தி வந்தவுடன், உங்கட பிங்கைக் கணக்குப் பார்த்து, உலகத்தையே அவ்வளவு நேரம் பின்னுக்கு இழுக்கும். நீங்கள் சுட்ட நொடியில் உங்கட திரையில் என்ன தெரிந்ததோ அதை வைத்து 'பட்டுதா இல்லையா' எண்டு தீர்ப்புச் சொல்லும். இனிக் காற்றைச் சுடத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியிற ஆளைச் சுட்டால் போதும்.

ஆனால் தீர்ப்பு எண்டால் தோற்கிறவரும் இருப்பாரே. நான் ஓடிப்போய் மதிலுக்குப் பின்னால ஒளிஞ்சாச்சு. என்ர திரையில் நான் தப்பியாச்சு. அரைச் செக்கன் கழித்துச் செத்து விழுறேன். ஏனெண்டால் சுட்டவரின் திரையில் நான் இன்னும் வெளியிலதான் நின்றேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, இரண்டு பேரிடமும் வேற வேற நேரம் இருந்தது. பேர்னியர் இதை மறைக்கவில்லை, தெரிந்துகொண்டேதான் சுடுகிறவரின் பக்கம் நின்றோம் எண்ட மாதிரித்தான் அந்தக் கட்டுரை போகுது. முந்தி தூரத்தின்ர கூலியைச் சுடுகிறவர் கட்டினார், இப்ப சுடப்படுகிறவர் கட்டுறார். கூலி குறையவில்லை, பில் போற விலாசம்தான் மாறினது. (தம்பி சொல்லுற 'நான்தான் முதல்ல சுட்டனான்' உண்மை. அண்ணா சொல்லுறதும் உண்மை.)

எல்லா கேமும் இப்படி ஏமாத்துவதும் இல்லை. 1997 இல் வந்த 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்' 28.8 மொடெமில் எட்டுப் பேரை விளையாட வைத்தது. அவர்கள் எல்லாரையும் ஒரே அளவுக்குத் தாமதப்படுத்தினார்கள். நீங்கள் கொடுக்கிற கட்டளை உடனே நடக்காது, இரண்டு சுற்றுக் கழித்து எல்லார் கணினியிலும் ஒரே நேரத்தில் நடக்கும். சோதித்துப் பார்த்ததில் கால் செக்கன் தாமதத்தை ஆக்கள் கவனிக்கவே இல்லையாம். தாமதம் கூடுவதும் குறைவதுமாக இருந்தால்தான் எரிச்சல், ஒரே சீராகப் பிந்தினால் மனம் பழகிவிடும். வில்லாளி அம்பு எடுக்கக் கொஞ்சம் யோசிப்பான்தானே. எனக்கு இந்த வழி நேர்மையாகப் படுது. ஆனால் இதைத் துவக்குச் சண்டையில் வைத்தால் கேம் செத்துப்போகும். அடிபிடி கேம்களுக்கு 2006 இல் டோனி கனன் செய்த ஜிஜிபிஓ இன்னொரு வழி, ஊகித்து ஓட்டிவிட்டுப் பிழைத்தால் முழுக் காட்சியையும் பின்னுக்கு இழுத்துத் திருப்பி ஓட்டுறது. பெரிய நிறுவனங்கள் பல அதை எடுக்கப் பத்து வருஷத்துக்கு மேல சென்றது.

கடைசியில் மிஞ்சுகிற கேள்வி சேர்வரை எங்க வைக்கிறது எண்டதுதான். 2015 ஓகஸ்டில் 'லீக் ஒஃப் லெஜென்ட்ஸ்' செய்கிற றயட் நிறுவனம் தன்ர வட அமெரிக்க சேர்வர்களை மேற்குக் கரையில் இருந்து சிக்காகோவுக்கு மாற்றினது. கிழக்குக் கரை ஆக்களுக்குப் பிங் குறைந்தது, கொண்டாட்டம். கலிபோர்னியாக்காரருக்குக் கூடினது, கத்தல். பணம், ஆள்பலம் எல்லாம் இருக்கிற ஒரு நிறுவனம் ஒரு கண்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளியைத் தெரிவுசெய்தது, அதற்கு மேல அவர்களாலும் ஒண்டும் செய்ய ஏலாது.

இதையெல்லாம் வாசிச்சு முடிச்சு, குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு நீட்டுக் குரல்பதிவு போட்டேன். அண்ணா சிரித்தார். ஆனால் அடுத்த மாதம் பிராங்பேர்ட் சேர்வரை விட்டுப்போட்டு டுபாயில் ஒண்டு எடுத்தார். எங்களுக்கும் அவருக்கும் இப்ப கிட்டத்தட்ட ஒரே எண். முதல் ஞாயிறு அண்ணா மதிலுக்குப் பின்னால செத்து விழுந்து, "டேய், நான் உள்ளுக்கு வந்துட்டன்" எண்டு கத்தினார். தம்பி அதை ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறான்.

ரொறன்ரோ மச்சானுக்குத்தான் முந்தியதைவிட மோசம். "நீங்கள் ரெண்டு வீடும் சமமாகிட்டியள், நான் ஆருக்கு அடிக்கிறது?" எண்டு கேட்டான். அடுத்த மாதம் எங்க எடுக்கிறது எண்டு இன்னும் முடிவாகவில்லை. சிங்கப்பூர் எண்டு தம்பி குழுவில் போட்டிருக்கிறான். அண்ணா பார்த்துட்டார், பதில் போடேல்லை.