மேட்டூர் பத்மராஜன் – 4: ஆறாயிரம் வாக்குகளுக்கு முன்

1991ஆம் ஆண்டு நந்தியால் மக்களவை இடைத்தேர்தலில், பிரதமர் நரசிம்ம ராவை எதிர்த்து மனுத் தாக்கல் செய்தபின் தாம் கடத்தப்பட்டதாக, மேட்டூர் டயர் கடைக்காரரும் சுயேச்சை வேட்பாளருமான கே. பத்மராஜன் கூறியதைச் சென்ற பகுதி விவரித்தது. அவர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்ற 2011 தேர்தலுக்கு வருமுன், சுயேச்சைகள் அனைவரின் பாதையையும் மாற்றிய 1996ஐக் கடந்தாக வேண்டும்.

அவ்வாண்டுச் சட்டமன்றத் தேர்தலில், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சியில், தங்கள் குறைகளுக்கு அரசு செவிசாய்க்கவில்லை என்று மனம் கொதித்த உழவர்கள் திரண்டு மனுத் தாக்கல் செய்ததால், வேட்பாளர் எண்ணிக்கை 1,033 ஆயிற்று. வாக்குச்சீட்டு தாளாக இராமல் புத்தகமாகவே அச்சிடப்பட்டது. அதை இடுவதற்கெனப் பெரிய பெட்டிகள் தேவைப்பட்டன. வாக்குப்பதிவும் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். வேட்பாளர்களில் பலர் ஒரு வாக்குக்கூடப் பெறவில்லை. அதே ஆண்டில் அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில், நிலத்தடி நீரில் கலந்த ஃபுளூரைடால் உடல் முடங்கிய மக்களின் துயரை நாட்டுக்கு உணர்த்த, 480 பேர் களத்தில் நின்றனர். வேட்புமனுவையே முறையீட்டு மனுவாக மாற்றிய இவ்விரு ஊர் மக்களும், தேர்தல் வரலாற்றை எழுதுவோர் தலைவர்களுக்குத் தரும் இடத்தைப் பெறத் தகுந்தவர்கள்.

நாடாளுமன்றமோ குறையைக் களையாமல், குறை சொல்வோரின் எண்ணிக்கையைக் களைந்தது. வேட்பாளர் மனுவுடன் கட்டுவதும், செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அரசுக்குப் போய்விடுவதுமான டெபாசிட் தொகை, சட்டமன்றத்துக்கு 250 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும், மக்களவைக்கு 500இலிருந்து 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஒரே முன்மொழிபவர் போதுமென்றிருந்த சுயேச்சைக்குப் பத்துப் பேர் கட்டாயமாயினர். ஒரே சமயத்தில் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்பதும் தடுக்கப்பட்டது.

இதன் சுமை எங்கே இறங்கியது என்பதைக் கொல்லிமலையின் தேவனூர் நாடு காட்டும். மலையில் நாடு எனப்படும் 14 ஊராட்சிகளில் ஒன்றான இது, பழங்குடியினர் மட்டுமே போட்டியிடக்கூடிய சேந்தமங்கலம் தனித்தொகுதிக்குள் வருகிறது. பழங்குடியினருக்குப் பாதித் தொகையே என்ற சலுகை இருந்தும், அத்தொகை 125 ரூபாயிலிருந்து ஒரே வீச்சில் 2,500 ஆகி, 2010இல் 5,000 ஆயிற்று. மிளகும் காப்பியும் விளைவித்து, சந்தை விலையை நம்பி வாழும் குடும்பத்திலிருந்து ஒருவர் கட்சித் துணையின்றி நிற்க நினைத்தால் அவரைத் தடுப்பது இத்தொகையே. பணமுள்ள விளம்பரப் பிரியரை இது தடுத்ததில்லை. ஆகவே 1996ஆம் ஆண்டுத் திருத்தம் அநீதியானது.

பத்மராஜன் டயர் கடை வருமானத்திலிருந்து, உயர்ந்துகொண்டே சென்ற தொகையைக் கட்டிக்கொண்டே வந்தார். தோல்வியே தம் விருப்பம் என்று வெளிப்படையாகச் சொல்லிவந்த அவருக்கு, 2011 சட்டமன்றத் தேர்தலில் சொந்த ஊரான மேட்டூர்த் தொகுதி 6,273 வாக்குகள் அளித்தது. தேமுதிகவின் எஸ். ஆர். பார்த்திபன் வென்ற அத்தேர்தலிலும் பத்மராஜனின் டெபாசிட் 10,000 ரூபாய் திரும்பி வரவில்லை.