குருந்தக்கல்லிலிருந்து முழங்காலுக்கு

நாமக்கல் மாவட்டத்தில், பரமத்தி வேலூர்ப் பக்கம் இருக்கும் ஊர் சித்தம்பூண்டி. சந்திரயான்-2 பயணத்துக்கான சோதனைகளுக்கு நிலவின் தரையைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ இந்த ஊரிலிருந்தும் அருகிலுள்ள குன்னமலையிலிருந்தும் அனார்த்தசைட் பாறையை எடுத்துச் சென்று பொடித்தது. அப்போதுதான் ஊரின் பெயர் பத்திரிகைகளில் பரவலாக அடிபட்டது. ஆனால் இந்த வட்டாரத்துக் கல் வெளியூர் போனது அது முதல்முறை அல்ல. சாணை பிடிக்கவும் ரத்தினம் பட்டை தீட்டவும் பயன்பட்ட குருந்தக்கல் இங்கே கிடைத்தது. 1798-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் சார்லஸ் கிரெவில் அதைப் பற்றி எழுதினார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்திருந்த பூர்னோன் பிரபு, 1802-இல் அதே ஏட்டில் குருந்தப் படிகத்தின் வடிவத்தையும் கோணங்களையும் விரிவாக விவரித்தார்.

கல்லின் கோணத்தை அளக்க அந்தக் காலத்துப் படிகவியலாளர்களிடம் கோனியோமீட்டர் என்ற ஓர் எளிய கருவி இருந்தது. பாரிஸில் ரோமே தெ லில் என்ற அறிஞருக்குப் படிக மாதிரிகள் செய்து கொடுத்துவந்த கராஞ்சோ, 1780 வாக்கில் அதை உருவாக்கினார். பாகை குறித்த ஓர் அரைவட்டம், நடுவில் ஓர் ஆணி, அதில் சுழலும் இரண்டு கைகள், அவ்வளவுதான். கைகளைப் படிகத்தின் இரு முகங்களில் ஒட்டவைத்தால் அரைவட்டம் எண்ணைச் சொல்லிவிடும். 1783-இல் ரோமே தெ லில் நிறுவிய விதிக்கு இந்தக் கருவியே ஆதாரம்: ஒரே தாதுவின் படிகங்கள் பெரிதோ சிறிதோ, ஒத்த முகங்களுக்கு இடையிலான கோணம் மாறாது. குருந்தத்தின் சாய்சதுரப் படிகத்தில் அது சுமார் 86 பாகை. பரமத்தியில் அளந்தாலும் பாரிஸில் அளந்தாலும் அதே 86.

இன்று சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து குமாரபாளையம், திருச்செங்கோட்டுத் தனியார் மையங்கள் வரை, பிசியோதெரபிஸ்டின் மேசையில் கிடக்கும் பிளாஸ்டிக் கோனியோமீட்டர் அந்தக் கருவியின் வாரிசு. பெயரும் வடிவமும் பெரிதாக மாறவில்லை. அளக்கப்படும் பொருள்தான் மாறிவிட்டது. சிக்கல் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் உலகப் போர் கை, கால் மூட்டு முடங்கிய வீரர்களை ஆயிரக்கணக்கில் ஊருக்குத் திருப்பி அனுப்பியது. அவர்களை மறுபடி வேலைக்குத் தயார்செய்ய வேண்டியிருந்த பிரான்சில், ஜூல் அமார் போன்றவர்கள் மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதை எண்ணாக எழுதத் தொடங்கினார்கள். எழுதும் முறையில் நீண்ட காலம் குழப்பம் இருந்தது. நீட்டிய முழங்காலைச் சிலர் 180 என்று குறித்தார்கள், சிலர் 0 என்றார்கள். 1965-இல் அமெரிக்க எலும்பியல் மருத்துவர் அமைப்பு வெளியிட்ட கையேடு, நேராக நீட்டிய நிலையே 0 என்ற முறையைப் பரவலாக்கியது.

இந்தியாவில் பிசியோதெரபித் தொழிலை வளர்த்ததில் போலியோவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1950-களின் தொடக்கத்தில் பம்பாயில் பரவிய அந்த நோய்க்குப் பிறகே, உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் கே.இ.எம். மருத்துவமனையில் பிசியோதெரபிப் பள்ளி உருவானது. தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. வழிகாட்டியது. அங்கே 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியில் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. போலியோவால் தொடையைக் கையால் ஊன்றி ஊன்றி நடக்கும் பிள்ளைகளை ஒரு தலைமுறைக்கு முந்தைய சேலத்துக் கிராமங்களில் எல்லோருமே பார்த்திருப்பார்கள். மடங்கியே இறுகிவிட்ட முட்டி எத்தனை பாகையில் நிற்கிறது என்று தெரியாமல் அந்தப் பிள்ளைக்குக் காலைத் தாங்கும் காலிப்பர் பொருத்த முடியாது.

முழங்காலை அளக்க மூன்று இடங்கள் வேண்டும். தொடை மேலே இடுப்பின் வெளிப்புறம் தட்டுப்படும் எலும்பு மேடு, முட்டியின் வெளிப்பக்க எலும்பு முண்டு, வெளிக்கணுக்கால். கருவியின் ஆணி முட்டியில் நிற்க, ஒரு கை இடுப்பு மேட்டை நோக்கியும் மற்றது கணுக்காலை நோக்கியும் போகவேண்டும். படிகத்துக்கு முகம் உண்டு, முட்டிக்கு இல்லை. எலும்பைச் சதைக்கும் தோலுக்கும் அடியில் விரலால் தடவித் தேட வேண்டும். தேடும் விரல் மாறினால் எண்ணும் மாறும்.

எவ்வளவு மாறும் என்ற கேள்வியை 1983-இல் ஜூல்ஸ் ராத்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் நோயாளிகளிடமே சோதித்துப் பார்த்தார்கள். ஒரே ஆள் திரும்ப அளந்தபோது எண்கள் நன்றாகவே ஒத்துப்போயின. முட்டியை மடக்கும் அளவில் வெவ்வேறு ஆட்களும் ஒத்துப்போனார்கள். நீட்டும் அளவில்தான் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. ஒருவர் நோயாளியைப் படுக்க வைத்தும் மற்றவர் உட்கார வைத்தும் அளந்தது அதற்கு ஒரு காரணம். நோயாளியை ஒரே நிலையில் வைத்து அளந்தவர்களின் எண்கள் நெருங்கி வந்தன. கருவி உலோகமா பிளாஸ்டிக்கா என்பதை விட இது முக்கியமாக இருந்தது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்த எண்ணுக்குத் தனி எடை இருக்கிறது. சமதளத்தில் நடக்க 60 முதல் 70 பாகை மடங்கினால் போதும், நாற்காலியில் உட்கார்ந்து எழ 90-ஐ ஒட்டி வேண்டும். குந்தி உட்காரவோ தரையில் சம்மணமிடவோ அதைவிட மிக அதிகமாக மடங்க வேண்டும். தரையில் அமர்ந்து கொலுசு செய்யும் சிவதாபுரத்து வெள்ளித் தொழிலாளிக்கு, நாற்காலி வாழ்க்கையை வைத்து வகுத்த 90 எப்படிப் போதும்? மூட்டு மாற்று அறுவைக்குப் பின் 90 வந்ததும் நல்ல முன்னேற்றம் என்று குறிப்பெழுதி நிறுத்துவது, இந்த மண்ணில் பாதி வேலைதான்.

பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. அதன்பின் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். மருத்துவமனை மேசையின் இடத்தில் கயிற்றுக் கட்டிலோ பாயோ இருக்கிறது. அடுத்த முறை வருபவர் வேறொருவராகவும் இருக்கலாம். ஐந்து பாகை வரையிலான வேறுபாட்டை அளவின் பிழையாகவே கொள்வது வழக்கம் என்பதால், 95 நூறானது முட்டியாலா, அளந்த கையாலா என்று பிரித்தறிய ஒரே வழி, முன்பு எழுதிய குறிப்பு. அதில் எண்ணோடு சேர்த்து, மல்லாந்து படுத்திருந்தாரா, பாயிலா கட்டிலிலா, தானே மடக்கினாரா, பிறர் அழுத்தி மடங்கியதா என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.