கருவி மட்டும் பேசாது: ஆசிரியரும் பழக வேண்டும்

பேச்சு வராத மாணவருக்குப் படத்தைத் தொட்டால் குரல் தரும் செயலியைக் கொடுப்பது இலகு. சென்னையில் உருவான 'ஆவாஸ்' தமிழிலும் பேசும். ஆசிரியருக்குப் பழக்கமில்லையென்றால் அது அலுமாரிக்குள் போய்விடும்.

பயிற்சியில் முதல் வேலை, ஆசிரியர் தான் பேசும்போதே படங்களைத் தொட்டுக் காட்டுவது. "தண்ணி வேணுமோ?" என்று கேட்கையில் 'தண்ணீர்', 'வேண்டும்' இரண்டையும் தொட வேண்டும். பிள்ளைகள் கேட்டுக் கேட்டுத்தானே பேசப் பழகுகிறார்கள். அடுத்தது காத்திருப்பது. கேள்விக்குப் பின் பத்து விநாடி வாய்மூடி இருப்பது வகுப்பறையில் லேசானதல்ல.

'வேண்டாம்', 'நிப்பாட்டு', 'நோகுது' முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். நோவைச் சொல்ல வழியில்லாத பிள்ளையைத்தான் பல வேளை 'குழப்படி' என்கிறோம்.

செயலி பேச்சைத் தடுத்துவிடும் என்று பெற்றோர் பயப்படுவார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. மின்சாரம் இல்லாத நாளுக்கு அதே படங்களை அச்சிட்ட மட்டையும் பையில் இருக்க வேண்டும்.