மன்னார் வளைகுடாக் கரையில் எந்தெந்த ஊர்கள்?



மத்தியதரைக் கடலோரப் பெருநகரங்கள் எவை என்று கேட்டால் பிள்ளைகள் அலெக்சாந்திரியா, பெய்ரூட், பார்சிலோனா என்று சொல்வார்கள். ரோம்? அது கடலிலிருந்து 20 கிலோமீற்றருக்கு மேல் உள்ளே இருக்கிறது. ஆனாலும் ரோமை விட்டுவிட்டு அந்தக் கடலின் வரலாற்றை எழுத முடியாது. அப்படியென்றால் ஓர் ஊரைக் கரையோர ஊர் என்று எதை வைத்துத் தீர்மானிப்பது? தூரத்தையா, தொழிலையா?

இதே கேள்வியை நமது வளைகுடாவுக்குக் கேட்டுப் பாருங்கள். நமது தீவிலேயே சிக்கல் தொடங்கிவிடும். 1953இல் வெளியான சர்வதேசக் கடல் எல்லைகளின்படி ஆதாம் பாலத்துக்கு வடக்கே வங்காள விரிகுடா, தெற்கே இலட்சத்தீவுக் கடல். பேசாலையில் வலை போடுபவர் ஒரு கடலில். தாழ்வுபாட்டில் போடுபவர் இன்னொரு கடலில்! மன்னார் பட்டினத்துக்கோ இரண்டுமே சொந்தம்.

அக்கரையில் இன்றைக்குப் பெருநகரம் என்றால் தூத்துக்குடிதான். ஆனால் அதற்கு முன்னே பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை. தாமிரபரணி கொண்டுவந்த மண் கரையைத் தள்ளித் தள்ளி, கொற்கை இன்று உள்நாட்டுக் கிராமம். இக்கரையில் நமது மாந்தையும் அப்படியே. 1980களில் அங்கு நடந்த அகழ்வில் சீனப் பீங்கானும் மேற்காசிய மட்பாண்டங்களும் கிடைத்தன. மிளகு, கராம்பு, கோதுமை, திராட்சை விதை என்பனவும் பின்னர் இனங்காணப்பட்டன. இன்று அங்கே ஒரு கப்பலும் வராது. அதற்காக மாந்தையைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடலாமா?

தொடர்பை மட்டும் பார்த்தாலும் பிழைக்கும். மாந்தைத் துறைமுகத்தால் வாழ்ந்த அனுராதபுரத்தையும் கரையோர நகரம் என்று சொல்ல வேண்டி வரும். ஆகவே என் அளவுகோல் இதுதான்: வள்ளமோ கப்பலோ வந்து தரித்திருக்க வேண்டும், அதை நம்பி அந்த ஊர் மக்கள் வாழ்ந்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கொற்கையும் மாந்தையும் தத்தம் காலத்துக்கு உள்ளே வரும், அனுராதபுரம் வராது.

சிலாவத்துறையும் மறிச்சுக்கட்டியும் வரும். 1905ஆம் ஆண்டின் பெரிய முத்துக்குளிப்பு மறிச்சுக்கட்டியில்தான் நடந்தது. அந்தக் காலங்களில் கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து ஆட்கள் இங்கு வந்து குளித்தார்கள், வியாபாரம் செய்தார்கள். அந்த இரண்டு ஊர்களும் வரும்.

புத்தளம்? அது களப்பின் ஓரம். திறந்த கடலைப் பார்க்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். 1990 ஒக்டோபரில் நாம் வெளியேற்றப்பட்டபோது தீவிலிருந்து பலர் வள்ளத்தில் போய் இறங்கியது கற்பிட்டியில். அங்கிருந்து புத்தளம்வரை அகதி முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. அந்தக் கடற்பாதையைத் தெரிந்தவர் எவரும் புத்தளத்தைப் பட்டியலுக்கு வெளியே வைக்கமாட்டார்.

இது வெறும் புவியியல் விளையாட்டு அல்ல. இலங்கை வரைபடத்தில் மன்னார் ஒரு மூலை. பிள்ளைகளும் அப்படியே நினைத்து வளர்கிறார்கள். வளைகுடாவை நடுவில் வைத்து வரைந்து பாருங்கள்: ஒருபக்கம் தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை, மறுபக்கம் கற்பிட்டி, புத்தளம். இரண்டு கரையும் சேரும் இடத்தில் நாம்.

உங்கள் வீட்டு மூத்தவர்கள் இந்தக் கரைகளில் எந்தெந்த ஊருக்கு வள்ளத்தில் போய்வந்தார்கள்? அவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயர்களைக் கீழே எழுதுங்கள். பட்டியலைச் சேர்ந்தே முடிப்போம், இன்ஷா அல்லாஹ்.