களப்பிலிருந்து கண்ணாடித் தொட்டிக்கு

ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் கற்பிட்டிக் கோட்டையை எழுப்பத் தொடங்குமுன்பே புத்தளம் களப்பில் குடியிருந்த மீன் ஒன்றுண்டு. சிங்களத்தில் கோரலியா, மலையாளத்தில் கரிமீன், தமிழகத்தில் செத்தக்கெண்டை என்பன அதன் பெயர்கள். பெர்லின் மருத்துவர் மார்க்குஸ் புளொக் 1790இல் அதற்குச் சூரத்து நகரின் பெயரைச் சூட்டினார். அவர் கீழைநாடுகளைக் கண்டவரல்லர். தரங்கம்பாடியிலிருந்த ஜோன் பாதிரியார் போன்றோர் அனுப்பிய மீன்களைக் கொண்டே நம் கடல்களை அறிந்தார்.

சிக்லிட் குலத்தின் பெரும்பகுதி ஆபிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் உரியது. இலங்கைக்கு இயல்பாக உரியவை இரண்டே. ஆயினும் வீட்டுத் தொட்டிகளில் மதிப்புப் பெற்றது அமேசன் நதியின் ஒஸ்கார் மீன்தான்! 1952இல் அரசு கொணர்ந்த ஆபிரிக்கத் திலாப்பியாவோ குளங்களை நிரப்பிக் களப்புகளிலும் புகுந்தது. அது முட்டைகளைத் தாயின் வாயிலே காப்பது. எங்கும் எளிதில் பெருகும். கோரலியாவுக்கு முட்டை ஒட்டுவதற்கு ஒரு கல்லோ கட்டையோ வேண்டும்.

இம்மீனைத் தொட்டியில் வளர்ப்போர் முதலில் இடத்தையே எண்ணவேண்டும். 40 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடிய இணைக்கு ஆறடித் தொட்டியும் மிகையன்று. நன்னீரிலும் வாழும், சற்றே உப்புக் கலந்த நீரில் செழிக்கும். ஆண், பெண் வேறுபாடு புறத்தே தெரியாது. ஆகவே இளமீன்கள் பலவற்றை ஒன்றாக விட்டு, அவை தாமே துணை தேடும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். இணைந்தபின் மற்றவற்றை அகற்றிவிடலாம். முட்டையிட்ட கல்லை இரண்டும் காவல் காத்து, துடுப்பால் நீரை விசிறியபடி நிற்கும்.